ஆளை விட்டுவிட்டுப் பணத்தைப் பிடிப்பது: அமெரிக்கச் சட்டம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி, 2025 பிப்ரவரி 6

அமெரிக்காவில் போலீஸ் காரை நிறுத்தி, உள்ளே இருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு, ஆளைப் போகச் சொல்லிவிடுமாம். கைது இல்லை, அவர்மேல் கேஸ் இல்லை, பணம் மட்டும் போய்விடுமாம். அங்கே வேலை பார்க்கும் மச்சான் சொன்னார். அரசியல் சட்டத்தைப் பற்றி அவ்வளவு பேசும் நாட்டில் இது எப்படி நடக்கும்? வாட்ஸ்அப் கதை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 6, இரவு

கதை இல்லை. உங்கள் மச்சான் சொன்னது நிஜம்.

அங்கே இதற்கு வழக்கு நடக்கும் விதமே வேறு. ஆள்மேல் வழக்கு போட மாட்டார்கள், பொருள்மேல் போடுவார்கள். 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்' என்று ஒரு வழக்கின் பெயரே இருக்கிறது. எதிர்த் தரப்பில் நிற்பது பணம்.

நடந்தது இது. 2003இல் நெப்ராஸ்கா மாநிலத்து நெடுஞ்சாலையில் வேகமாகப் போன வாடகைக் கார் ஒன்றை நிறுத்தினார்கள். ஓட்டியவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். சோதித்தால் ஐஸ் பெட்டிக்குள் கட்டுக்கட்டாகப் பணம். போதைப்பொருள் ஒரு துளிகூட இல்லை. நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம், குளிர்சாதன லாரி வாங்க சிகாகோ போனேன், லாரி விற்றுப்போயிருந்தது, திரும்பி வருகிறேன் என்றார். மோப்ப நாய் அந்தப் பணத்தில் போதைப்பொருள் வாடை இருப்பதாகக் காட்டியது. கீழ்க்கோர்ட் அவர் சொன்னதை நம்பியது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பணம் அரசுக்கே என்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் முதலில் பொய் சொன்னது அவருக்கு எதிராகப் போய்விட்டது. ஆனால் நடுரோட்டில் சீருடைக்காரர் 'பணம் வைத்திருக்கிறாயா' என்று கேட்டால் ஒருவர் ஏன் இல்லை என்பார் என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார். அது தனிக்கதை, நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, காலை

பெரியப்பா கதைக்கு முன்னால் ஒரு வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். நம் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'பறிமுதல்' என்றே போடுகின்றன. கஞ்சா பறிமுதல், வாகனம் பறிமுதல், ரொக்கம் பறிமுதல். இதற்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பிடித்து வைப்பது. பொருள் இன்னும் உன்னுடையதுதான், ஆனால் எங்களிடம் இருக்கும். இன்னொன்று, ஒரேயடியாக அரசுடைமை ஆக்கிக்கொள்வது. முதலாவதைச் செய்யச் சந்தேகம் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு நிரூபிக்க வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும், எத்தனை நாளைக்குள்? சண்டை முழுக்க இங்கேதான்.

அமெரிக்காவில் ஆளைத் தண்டிக்கச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பொருளை எடுத்துக்கொள்ள அவ்வளவு வேண்டாம். மத்திய அரசுச் சட்டப்படி இரண்டு பக்கத்தில் எது கொஞ்சம் கூடுதலாக நம்பும்படி இருக்கிறதோ அது போதும். அதுவும் 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த முன்னேற்றம். அதற்கு முன் பொருளுக்கு உரியவர்தான் அது சுத்தமானது என்று காட்ட வேண்டும்.

பிப்ரவரி 7, மாலை

2019 மார்ச். நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து, நடத்தை விதி அமலுக்கு வந்த நேரம். பெரியப்பா மாட்டுச் சந்தையில் இரண்டு கறவை மாடுகளை விற்றார். 1,06,000 ரூபாய். கேரளாவிலிருந்து வந்த வியாபாரி வாங்கினார்.

மாட்டுச் சந்தைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டை விரித்து இருவர் கையையும் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது, அதுதான் முறை. விரலை விட்டால் பேரம் முறிந்தது, கையை இறுக்கிக் குலுக்கினால் முடிந்தது. தரகருக்கு அவர் பங்கு. சந்தை வாசலில் கொடுக்கும் சுங்கச் சீட்டு ஒன்று உண்டு. அதில் மாடு எத்தனை என்று இருக்கும். எவ்வளவுக்குப் போனது என்று இருக்காது. தலைமுறை தலைமுறையாக நடக்கிற நேர்மையான வியாபாரம், ஆனால் காகிதத்தில் தடமே இல்லை.

திரும்பி வரும்போது பறக்கும் படை வண்டியை நிறுத்தியது. ஓர் அதிகாரி, மூன்று போலீசார், வீடியோ எடுக்க ஒரு பையன். பெரியப்பா எப்போதும் இடுப்பில் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் இரண்டு பையிலும் பணம். 'பெரியவரே, பணம் ஏதும் இருக்கா' என்றதற்கு 'இல்லைங்க சாமி' என்றிருக்கிறார். திருட்டு எண்ணம் ஒன்றும் இல்லை. வழியில் யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார், சந்தைப் பணம் இருக்கிறது என்று யாரிடமும் வாய் விடக்கூடாது என்பது அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்ததும் கழற்றச் சொன்னார்கள். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எண்ணினார்கள், அவர் வேட்டியைப் பிடித்தபடி நின்றார். பணம் போனதைவிட அதை அந்தப் பையன் படம் பிடித்ததுதான் அவருக்கு இன்றுவரை தாங்கவில்லை.

மரியாதைக் குறைவாக யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ரசீது கொடுத்தார்கள். ஆவணத்தோடு வந்தால் தருவோம் என்றார்கள். என்ன ஆவணம்? துண்டுக்குள் பிடித்த விரலுக்கு என்ன ஆவணம்?

நான் திருச்சியில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், வீட்டில் 'காகிதம் தெரிந்தவன்' நான்தான். மூன்று நாள் லீவு போட்டேன். தரகர் கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள், சுங்கச் சீட்டு, கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று, கேரளக்காரர் போனில் பேசி அனுப்பிய கடிதம். பதினாறாம் நாள் பணம் கருவூலத்திலிருந்து திரும்ப வந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆனால் வேறொரு மாட்டுக்கு அவர் 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். சொன்ன நாளில் மீதியைக் கொடுக்க முடியவில்லை. மாடும் போனது, முன்பணமும் போனது. அதை யாரிடம் கேட்பது? இந்தக் கேள்வியில்தான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படியே அமெரிக்க வழக்குகளில் போய் விழுந்தேன்.

பிப்ரவரி 9

பொருள் எப்படிக் குற்றவாளி ஆகும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அது கப்பலில் ஆரம்பித்தது. கடத்தல் கப்பலோ கொள்ளைக் கப்பலோ பிடிபடும், முதலாளி வேறு நாட்டில் இருப்பார். அவரைப் பிடித்து வந்து விசாரிக்க வழியில்லை. கையில் இருப்பது கப்பல். சரி, கப்பல்மேலேயே வழக்கு நடத்து என்றார்கள். 1789இல் அமைந்த முதல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சுங்கச் சட்டத்திலேயே இது இருந்தது. 1827இல் பால்மைரா என்ற கப்பல் வழக்கில் நீதிபதி ஸ்டோரி, இங்கே குற்றம் செய்ததாகக் கருதப்படுவது முதன்மையாகப் பொருள்தான், ஆளுக்குத் தண்டனை ஆகியிருக்க வேண்டியதில்லை என்று எழுதினார்.

முதலாளி கடலுக்கு அப்பால் இருந்தபோது அதில் நியாயம் இருந்தது. இப்போது முதலாளி காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கையில் லைசென்ஸ் இருக்கிறது, முகவரி இருக்கிறது. ஆனாலும் கப்பல் சட்டம்தான் அவருக்கும்.

பிப்ரவரி 10

முக்கியமானதை விட்டுவிட்டேன். எடுத்த பணம் எங்கே போகிறது?

பெரியப்பா பணம் கருவூலத்துக்குப் போனது. எடுத்த அதிகாரிக்கோ அவர் அலுவலகத்துக்கோ அதில் ஒரு பைசா ஆதாயம் இல்லை. தவறாக எடுத்திருக்கலாம், ஆனால் ஆசைப்பட்டு எடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1984இல் கொண்டுவந்த சட்டம் இதை மாற்றியது. அரசுடைமையாகும் பணம் சட்ட அமலாக்கச் செலவுக்கே திரும்பும்படி ஒரு நிதி வைத்தார்கள். உள்ளூர் போலீஸ் பிடித்ததை மத்திய அமைப்பிடம் ஒப்படைத்தால், 80 சதவீதம் வரை உள்ளூர்த் துறைக்கே பங்காகத் திரும்பும். மாநிலம் கடுமையான விதி போட்டாலும் இந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம். 2015இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல், அதாவது அங்கத்திய நீதித்துறையின் தலைவர், எரிக் ஹோல்டர் இதை ரொம்பவே சுருக்கினார். 2017இல் அதே பதவிக்கு ஜெஃப் செஷன்ஸ் வந்து மறுபடி திறந்துவிட்டார்.

பிடித்தவன் கையிலேயே பங்கைக் கொடுத்தால் பிடிக்கும் கை எப்படி நிதானமாக இருக்கும்? 2024 நவம்பரில் வெளியான ஒரு விஷயம் பாருங்கள். அங்கத்திய நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே சொன்னது. விமான நிறுவன ஊழியர் ஒருவர், கடைசி நேரத்தில் டிக்கெட் போட்ட பயணிகளின் பெயரைப் போதைத் தடுப்பு அமைப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிடிபடும் பணத்தில் அவருக்குச் சதவீதம். இதற்குப் பிறகுதான் விமான நிலையங்களில் 'சம்மதத்தோடு' நடக்கும் அந்தச் சோதனைகளை நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்று நினைத்துப் பாருங்கள். விமானம் கிளம்பப் போகிறது, பையைக் காட்டினால் ஏறலாம்.

பிப்ரவரி 14

நேற்று ஒருவர், தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகவே கூடாது என்பது விதி, உங்கள் பெரியப்பா மீறியிருக்கிறார் என்று எழுதினார். நானும் ஆறு வருடமாக அப்படித்தான் நம்பியிருந்தேன். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அப்படித்தானே சொல்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து தேர்தல் ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு நடைமுறை உத்தரவை முழுக்கப் படித்தேன்.

அந்த 50,000 வரம்பு வேட்பாளர், அவர் முகவர், கட்சிக்காரர் போகும் வண்டிக்கு. மற்றவர்களிடம் 10 லட்சத்துக்கு மேல் இருந்து, குற்றத் தொடர்போ வேட்பாளர் தொடர்போ இருப்பதாகச் சந்தேகமும் இல்லை என்றால், எடுக்கக்கூட வேண்டாம், வருமான வரித்துறைக்குத் தகவல் சொன்னால் போதும் என்றுதான் இருக்கிறது. ரோட்டில் வந்து சேரும்போது அது 'யாராக இருந்தாலும் ஐம்பதாயிரம்' ஆகிவிடுகிறது.

இன்னும் இருக்கிறது. எடுத்த பணத்தைப் பரிசீலிக்க மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு வேண்டும். யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும் அவர்களாகவே ஒவ்வொரு பறிமுதலையும் பார்க்க வேண்டும். வழக்குப் பதிவு இல்லையென்றால் வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் பணத்தை வைத்திருக்கக் கூடாது. எப்படி முறையிடுவது என்று ரசீதிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும்.

பெரியப்பா ரசீதை இன்னும் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். கீழே இரண்டு வரி பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது, அன்றைக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்போது பறக்கும் படையே வேண்டாமா என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே 2019இல்தான் வேலூர்த் தொகுதியில் கட்டுக்கட்டாகப் பணம் சிக்கி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அப்படி நின்றது. ஓட்டுக்குப் பணம் என்பது நம் ஊரில் நிஜமான நோய், அதைப் பிடிக்க ரோட்டில் ஆள் நிற்கத்தான் வேண்டும். நிற்பவர், ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதட்டும். 'ஆவணம் இல்லை' என்பது காரணம் ஆகாது. எந்த வேட்பாளரோடு என்ன தொடர்பு என்று சந்தேகப்பட்டார் என்பதை எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால் விடட்டும்.

பிப்ரவரி 22

ஒரு வாரம் வேலை நெருக்கடி. கேள்வி கேட்டவர் கடைசியில் போட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்: அரசியல் சட்டம் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் இந்தக் கை நீளாமல் தடுக்க மூன்று கயிறு இருக்கிறது. நியாயமில்லாத சோதனையும் கைப்பற்றலும் கூடாது என்ற நான்காம் திருத்தம். முறையான விசாரணை இல்லாமல் சொத்தை எடுக்கக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தம், அதையே மாநிலங்களுக்கும் சொல்லும் பதினான்காம் திருத்தம். மிகையான அபராதம் கூடாது என்ற எட்டாம் திருத்தம். இந்த மூன்றாவது கயிறு ரொம்ப நாள் சும்மா கிடந்தது. 1993இல்தான், பொருள்மேல் நடக்கும் பறிமுதலும் தண்டனையாக இருந்தால் இதற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

2019இல் டிம்ஸ் வழக்கு வந்தது. இந்தியானா மாநிலக்காரர் ஒருவர், அப்பா இறந்து வந்த காப்பீட்டுப் பணத்தில் சுமார் 42,000 டாலருக்கு லேண்ட் ரோவர் வாங்கினார். போதைப் பழக்கத்தில் விழுந்து, மாறுவேடத்தில் வந்த போலீசுக்கு நானூறு டாலருக்கும் குறைவான ஹெராயின் விற்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், வீட்டுக்காவல் ஆனது. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000 டாலர். மாநிலம் காரையும் கேட்டது. மாநிலங்களும் எட்டாம் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு சொன்னார்கள்.

தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவர் 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டாவரை பின்னால் போகிறார். அரசனே அபராதம் போட்டாலும் குற்றத்துக்குத் தக்கபடிதான் போட வேண்டும், ஒருவன் பிழைப்புக்கான வழியையே பிடுங்கிவிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் பெரியப்பாவின் தொழுவம்தான் கண்முன் வந்தது. எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே யாரோ ஒருவர் இதை யோசித்திருக்கிறார்.

அதனால் டிம்ஸுக்குக் கார் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 23

மேலே கடைசி வரி தப்பு. அவசரத்தில் எழுதிவிட்டேன். உச்ச நீதிமன்றம் கொள்கையை மட்டும் சொல்லிவிட்டு வழக்கை இந்தியானாவுக்கே திருப்பி அனுப்பியது. கார் அவர் கைக்கு வந்தது 2020 மே மாதம். அதற்குப் பிறகும் மாநிலம் விடவில்லை, 2021இல்தான் இந்தியானா உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. கார் எடுக்கப்பட்டது 2013இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்தவருக்கே ஏழு வருடம்.

மார்ச் 2

அந்த ஏழு வருடம்தான் ஒரு வாரமாக மனதில் ஓடுகிறது. நாமெல்லாம் 'பறிமுதல் செல்லுமா செல்லாதா' என்று பேசுகிறோம். ஏழைபாழைக்கு அதைவிடப் பெரிய விஷயம், அது தெரியும்வரை பொருள் யார் கையில் என்பது.

2024 மே மாதம் வந்த கல்லி வழக்கு இதைப் பற்றியதுதான். அலபாமாவில் ஒரு தாய் தன் காரை மகனிடம் கொடுத்திருந்தார். மகனிடம் கஞ்சா இருந்ததாகப் பிடித்தார்கள், காரையும் எடுத்தார்கள். தாய்க்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கடைசியில் கோர்ட்டே ஒத்துக்கொண்டது. அதற்கு 20 மாதம். இன்னொரு பெண் நண்பருக்குக் கார் இரவல் கொடுத்தார், அவருக்கும் ஒரு வருடத்துக்கு மேல். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான். முழு வழக்கு எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், காரை இப்போது நீங்கள் வைத்திருக்க நியாயம் இருக்கிறதா என்று சீக்கிரம் ஒரு நீதிபதி பார்க்க வேண்டாமா?

வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். பறிமுதல் வழக்கை உரிய காலத்தில் நடத்தினால் போதும், நடுவில் தனி விசாரணை கேட்க அரசியல் சட்டத்தில் உரிமை இல்லை என்று நீதிபதி கவனா எழுதினார். சோட்டோமேயர் எதிர்த் தீர்ப்பு எழுதினார். முடிவில் சேர்ந்துகொண்ட கோர்சச்கூட, இன்றைய பறிமுதல் முறை முழுதும் அரசியல் சட்டத்தோடு பொருந்துமா என்று தனியாகக் கேள்வி எழுப்பியிருக்கிறார், தாமசும் அவரோடு கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. கார் இல்லாமல் அலபாமாவில் வேலைக்குப் போக முடியாது. 20 மாதம் கழித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு 'உன்மேல் தப்பில்லை' என்றால், அந்த 20 மாதத்துக்கு அவர் என்ன தப்பு செய்தார்?

(இதைவிட மோசமான பழைய வழக்கும் உண்டு. 1996, மிச்சிகன். கணவனும் மனைவியும் சேர்ந்து 600 டாலருக்கு வாங்கிய பழைய போண்டியாக். கணவன் காரை எடுத்துப்போய்ப் பாலியல் தொழிலாளி ஒருவரோடு பிடிபட்டான். கார் போய்விட்டது. மனைவியின் பாதிக்கும் சேர்த்து எடுத்தது செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. ஏமாந்தவளுக்கே அபராதம். மத்திய அரசு வழக்குகளிலாவது இப்படி ஒன்றும் அறியாதவர் பொருளைக் காக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.)

மார்ச் 3

'நம் ஊரில் மட்டும் வாழ்கிறதா' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். எந்தக் காவல் நிலையத்துப் பின்பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நான் கையெழுத்து ஒன்றுக்காகப் போன இடத்தில் ஒரு மினி லாரி, நான்கு டயரும் மண்ணில் புதைந்து, பானெட் இடுக்கில் வேப்பங்கன்று என் இடுப்புயரம் வளர்ந்து நின்றது. கண்ணாடியில் 'முருகன் துணை' இன்னும் அழியவில்லை. யாரோ தவணை கட்டி ஓட்டிய வண்டி.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் எழுத்தில் அமெரிக்காவைவிட மேலே நிற்கிறது. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பிடித்த பொருள்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் போட்டு வைக்கக் கூடாது, வண்டியைப் படம் எடுத்துக்கொண்டு, தகுந்த உத்தரவாதம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடு என்றது நம் உச்ச நீதிமன்றம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், பிறகு படம், அதிலிருந்து 30 நாளில் என்ன செய்வது என்ற உத்தரவு என்று காலக்கெடு போட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அசாம் லாரி வழக்கு ஒன்றில், போதைப்பொருள் வழக்கில் சிக்கிய வண்டியையும் இடைக்காலமாக விடத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது. தவணைக்கு வாங்கிய லாரி, முதலாளிக்கு அதுதான் பிழைப்பு.

எழுத்தில் இத்தனை இருந்தும் அந்த வேப்பங்கன்று வளர்ந்திருக்கிறது. மனுப் போட வேண்டும் என்று அந்த வண்டிக்காரருக்கு யாரும் சொல்லவில்லையோ என்னவோ.

மார்ச் 16

மனு என்றதும் நினைவு வந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான பறிமுதல் நீதிபதி முன்னால் போவதே இல்லை. தபாலில் அறிவிப்பு வரும். அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள், வழக்கமாக 35 நாள், உரிமை கோரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் தானாகவே அரசுக்கு. பொருள்மேல் நடக்கும் வழக்கு என்பதால் அரசு செலவில் வக்கீலும் கிடையாது, குடியிருக்கும் வீட்டைக் கேட்டால் மட்டும் விலக்கு. எடுத்தது சில ஆயிரம் டாலர் என்றால் வக்கீல் செலவே அதைத் தாண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள். போதைத் தடுப்பு அமைப்பு 2007 முதல் பத்தாண்டுகளில் எடுத்த ரொக்கம் 400 கோடி டாலருக்கு மேல், அதில் 320 கோடி டாலர் எந்த நீதிபதியும் பார்க்காமலேயே அரசுக்குப் போனது என்று 2017இல் வந்த தலைமை ஆய்வாளர் அறிக்கை சொல்கிறது.

அதே 2017இல் டெக்சாஸ் வழக்கு ஒன்று. காரில் பூட்டிய பெட்டிக்குள் 2,01,100 டாலர். கூடவே வீடு விற்ற பத்திரம். பெட்டி அம்மாவுடையது என்றார் மகன், என் வீட்டை விற்ற பணம் என்றார் அம்மா. காகிதம் பெட்டிக்குள்ளேயே இருந்தும் பணம் போனது. விசாரணைக்கு எடுக்க உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் மறுத்தாலும், நீதிபதி தாமஸ் இந்த முறையையே கண்டித்துத் தனிக் குறிப்பு எழுதினார். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத ஏழைகள்மேல்தான் இது அதிகம் விழுகிறது என்று அதில் சொல்கிறார். காகிதம் மட்டும் இருந்திருந்தால் பெரியப்பாவுக்கு எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஏப்ரல் 5

நம் அரசியல் சட்டத்தில் சொத்துரிமை எங்கே என்று கேட்டவருக்கு: முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978இல் 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு, 300ஏ என்ற ஒற்றை வரியாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். நிலச் சீர்திருத்தத்தின் பின்னணியில் நடந்த மாற்றம், அதை நான் குறை சொல்ல வரவில்லை.

அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் விரித்துச் சொன்னார்கள். அறிவிப்புக் கொடு, அவர் சொல்வதைக் கேள், காரணத்தோடு முடிவெடு, பொது நோக்கத்துக்கு மட்டும் எடு, நியாயமான ஈடு கொடு, இழுத்தடிக்காதே, எடுத்த வேலையை முடி. அது நிலம் எடுப்பது பற்றிய வழக்கு. இடுப்பு பெல்ட்டில் இருக்கும் பணத்துக்கும் இதே ஏழும் பொருந்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவசரத்தில் எடுத்தால் அறிவிப்பு முன்னால் தர முடியாது, சரி. மற்றவை?

அமெரிக்காவிலும் சில இடங்களில் மாற்றம் வந்திருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பு. நியூ மெக்சிகோ 2015இல் இந்த சிவில் பறிமுதலையே ஒழித்தது, நெப்ராஸ்கா 2016இல், மெய்ன் 2021இல். ஐஸ் பெட்டிப் பணம் போன அதே நெப்ராஸ்காதான்.

ஏப்ரல் 20

ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கப்பல் கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஒரு திருத்தம். முன்பணம் 5,000 இல்லையாம், 3,000தானாம். 'நீ எதுக்குடா கூட்டிச் சொல்றே' என்று திட்டினார். அந்த மாடு பக்கத்து ஊரிலேயேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து கன்று போட்டுவிட்டதாம், இன்னும் நேரத்துக்கு நாலு லிட்டர் கறக்கிறதாம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.